புற்றுக்காளானை எப்படி அடையாளம் காண்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் வளர்ந்தவன் நான். மழை பிடித்துவிட்டால் போதும், சொந்தக்காரர்கள், நண்பர்கள், நண்பர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆளாளுக்கு ஒரு காளான் படம் அனுப்பி "இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. காட்டில் முளைக்கும் எல்லாக் காளானையும் பற்றி நான் பேசப்போவதில்லை. சின்ன வயதிலிருந்து தோண்டி எடுத்து, சமைத்து, சாப்பிட்டுப் பழகிய ஒரே வகை புற்றுக்காளான். இங்கே இருப்பதெல்லாம் அதைப் பற்றியும், அது என்று நினைத்து மக்கள் ஏமாந்துபோகும் மற்ற காளான்களைப் பற்றியும்தான்.

புற்றுக்காளான் என்றால் என்ன? புற்றுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கரையான் புற்றுக்குள்ளிருந்து வரும் காளான். பேச்சில் புத்துக்காளான் என்போம். எல்லை தாண்டி மலையாளத்துப் பக்கம் போனால் கூண் என்பார்கள்.

சம்பந்தம் ரொம்ப ஆழமானது. கரையான் வெளியே போய்க் காய்ந்த இலை, மரத்தூள், புல் எல்லாவற்றையும் தின்றுவிட்டு வருகிறது. அரைகுறையாகச் செரித்ததைப் புற்றுக்குள்ளே உருண்டை உருண்டையாக வைத்து, கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான ஒரு கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டில்தான் பூஞ்சை வளர்கிறது. கரையானால் செரிக்க முடியாத மரச்சத்தை அந்தப் பூஞ்சை உடைத்துக் கொடுக்கிறது, கரையான் அதைச் சாப்பிடுகிறது. சுருக்கமாகச் சொன்னால் கரையான் விவசாயம் செய்கிறது. ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்கிய விவசாயம் இது. மழைக்காலத்தில் அந்தப் பயிர் மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே குடை விரிக்கும்போது நாம் பார்க்கிறோம்.

இந்தக் காளான் கூட்டத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று 1942இல் பெயர் வைத்தவர் பிரான்ஸ் நாட்டு அறிஞர் ரோஜே ஹெய்ம். அவர் பெயரிலேயே டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று ஓர் இனம் இருக்கிறது. அதை 1979இல் விவரித்து எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. நடராஜன். நம் மண்ணில் முளைக்கும் காளானை நம்மவரே உலகத்துக்குச் சொன்னார் என்பதில் எனக்குப் பெருமைதான். அதற்கும் ரொம்ப முன்னால், சிதல் அரித்த புழுதியில் ஆம்பி பூத்துக் கிடக்கும் அடுக்களையைச் சங்கப் புலவர் பாடி வைத்திருக்கிறார். சிதல் என்றால் கரையான், ஆம்பி என்றால் காளான்.

எப்போது முளைக்கும்?

எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஒரு சுற்று, ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னொரு சுற்று. நாலு நாள் நல்ல மழை, நடுவில் ஒரு நாள் புழுக்கம் என்றால் மறுநாள் விடியற்காலையில் தேடிப் போவார்கள். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வது இடிமழைக் காலத்தை வைத்துத்தான். ஈசல் கிளம்பிய இடத்தைச் சிலர் நினைவில் வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அங்கே மண்ணுக்கடியில் கரையான் கூடு இருக்கிறது என்று தெரிந்துவிடும். மேடாகத் தெரியும் புற்றில்தான் வரும் என்றில்லை. சமதரையில், தோப்பில், வரப்பில்கூட வரும்.

சரி, இதுதான் புற்றுக்காளான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என் ஆச்சி சொல்லிக்கொடுத்தது ஒரே வரி. "குடையப் பாக்காதய்யா, காலப் பாரு."

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மழை விட்ட காலையில் மாந்தோப்புக்குள் கூட்டிப்போனாள். ஏழெட்டுக் காளான் நின்றது. நான் ஓடிப்போய் ஒன்றைப் பிடுங்கினேன். தண்டு பாதியில் ஒடிந்து கையோடு வந்துவிட்டது. ஆச்சி அதை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, அடுத்ததன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி, விரலை விட்டுத் தண்டோடு தடவிக்கொண்டே கீழே போனாள். தரைமட்டத்துக்கு மேலே வெள்ளையாக இருந்த தண்டு மண்ணுக்குள் போகப் போக மெலிந்து, தோல் பழுப்பாகி, ஒரு வேர் மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு சாணுக்குப் பிறகும் முடியவில்லை. முழத்துக்குக் கொஞ்சம் முன்னால் மண் பொலபொலவென்று விழுந்து, பழுப்பும் சாம்பலுமாக அந்தக் கடற்பஞ்சுக் கூடு தெரிந்தது. வேர் அதில் போய் முடிந்திருந்தது. கூட்டின் மேல் ரவை தூவியது போல வெள்ளை வெள்ளையாகச் சின்ன மணிகள். கரையான்கள் அங்குமிங்கும் ஓடின. "இது புத்துக்காளான்" என்று சொல்லிவிட்டு மண்ணைத் தள்ளி மூடினாள்.

அந்த வேர்தான் முதல் அடையாளம். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. புதைந்துகிடக்கும் மரக்கட்டையிலிருந்து வேர் விட்டு முளைக்கும் வேறு காளான்களும் மலையில் உண்டு. அதனால் கீழே சொல்லும் எல்லாமே சேர்ந்து பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தவில்லை என்றாலும் விட்டுவிட வேண்டும்.

குடையின் நடு உச்சியைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியான ஒரு மொட்டு அல்லது கூர் இருக்கும். மண்ணைத் துளைத்து வருவதற்கான முனை அது. சில இனங்களில் ஈட்டி போலக் கூராகவும், சிலவற்றில் மழுங்கியும் இருக்கும், சுற்றியிருக்கும் இடத்தைவிட நிறம் அடர்த்தியாகத் தெரியும். குடை வெள்ளை, சாம்பல், வெளிர்பழுப்பு என்று எப்படியும் இருக்கலாம், அதனால் நிறத்தை நம்ப வேண்டாம். விரிந்து முதிர்ந்தால் ஓரம் வெடித்துக் கிழியும்.

குடையைத் திருப்பினால் விசிறி மடிப்பு போல மெல்லிய இதழ்கள் நெருக்கமாக இருக்கும். பாடப்புத்தகத்தில் செவுள் என்று போட்டிருப்பார்கள். இவை தண்டைத் தொடாமல் சற்று இடைவெளி விட்டு நிற்கும். இளசில் வெள்ளை, முதிர்ந்தால் லேசான ரோஜா நிறம் ஏறும். தண்டு கெட்டியாக, நாராக இருக்கும். கிழித்தால் வேகவைத்த கோழிக்கறி பிரிவது போல நீளவாக்கில் பிரியும். தண்டின் அடியில் பையோ கிண்ணமோ இருக்கவே கூடாது. தண்டில் வளையம் பெரும்பாலும் இருக்காது, சில இனங்களில் மட்டும் இருக்கும்.

புற்றின் மேலேயே முளைத்திருக்கிறது. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

இந்த நம்பிக்கை ஆபத்தானது. வறண்ட பகுதிகளில் புற்றின் மேல் விரியாத குடையோடு செதில் செதிலாக நிற்கும் வேறொரு காளான் உண்டு. கைவிட்டுப்போன புற்றில் கருப்புக் குச்சி போல முளைக்கும் பூஞ்சையும் உண்டு. புற்றுக்குப் பக்கத்தில் மட்கிய இலையில் எது வேண்டுமானாலும் முளைக்கலாம். இடம் ஒரு துப்பு, அவ்வளவுதான்.

எந்தக் காளானை இது என்று தவறாக நினைத்து எடுக்கிறார்கள்?

இரண்டைச் சொல்கிறேன். ஒன்று வயிற்றைப் புரட்டும், இன்னொன்று உயிரை எடுக்கும்.

முதலாவது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். பெயர் நினைவில் இருக்க வேண்டாம், ஆளைத் தெரிந்தால் போதும். மழைக்குப் பிறகு புல்தரையில், தென்னந்தோப்பில், மைதானத்தில் பெரிய பெரிய வெள்ளைக் குடையாக நிற்கும். குடையின் மேல் பழுப்புச் செதில்கள், நடுவில் பழுப்புத் திட்டு. தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். கீழே வேர் கிடையாது, லேசாக உப்பிய அடிதான். இதழ்கள் முதலில் வெள்ளையாக இருந்து பிறகு பச்சை ஏறும். அந்த முதல் கட்டத்தில்தான் ஏமாந்துபோகிறோம்.

என் சித்தி மகன் ஒருமுறை தோப்பில் நின்ற இதையே ஒரு பை நிறையப் பறித்து வந்தான். வெள்ளையாக, கொழுகொழுவென்று இருந்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் வெளியூரில் இருந்தேன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் நாலு பேருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காமல் போய், ராத்திரியே ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பில் மருந்து ஏற்றினார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது, சமைக்காமல் மிச்சம் வைத்த ஒரு குடை அடுக்களை மேடையில் செய்தித்தாள் மேல் கவிழ்ந்து கிடந்தது. தூக்கிப் பார்த்தால் தாளில் குடையின் அச்சு அப்படியே, பாசிப்பச்சையில் பொடிப்பொடியாக விழுந்திருந்தது. ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் அந்தத் தாளே சொல்லியிருக்கும்.

இரண்டாவது அமானிட்டா கூட்டம். ஊட்டி, கொடைக்கானல் பைன் தோப்புகளில் சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளியோடு நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதைப் பார்த்தாலே பயந்து ஒதுங்கிவிடுவார்கள். பயப்பட வேண்டியது அதன் உறவுக்காரர்களான வெள்ளை, வெளிர்பச்சை, வெளிர்பழுப்புக் காளான்களுக்கு. அழகாக, சுத்தமாக இருக்கும், சாப்பிட்டால் ருசியும் கெட்டிருக்காது. அதிலுள்ள அமாடாக்சின் கல்லீரலை அழிக்கும். வேகவைத்தாலும், வறுத்தாலும், காயவைத்தாலும் அந்த விஷம் போகாது. 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். அவர்களில் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களும், குழந்தைகளும் இருந்தார்கள்.

அமானிட்டாவின் அடையாளம் தண்டின் அடியில் இருக்கும் பை. முட்டை ஓட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது போல, கிழிந்த பை ஒன்று அடியைச் சுற்றி இருக்கும். அது மண்ணுக்குள் இருக்கும். நீங்கள் தரைமட்டத்தில் அறுத்து எடுத்தால் பை மண்ணிலேயே தங்கிவிடும், கையில் இருப்பது வெறும் வெள்ளைக் காளான். ஆச்சி ஒடிந்த காளானை ஓரமாகப் போட்டதற்குக் காரணம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

செய்தித்தாளில் தூள் விழுந்தது என்றீர்களே, அதை நாமே செய்து பார்க்கலாமா?

கட்டாயம் செய்யுங்கள். விரிந்த குடை ஒன்றை எடுத்துத் தண்டை ஒட்ட வெட்டுங்கள். பாதி வெள்ளை, பாதி கருப்பாக இருக்கும் தாளின் மேல் இதழ்கள் கீழே பார்க்கும்படி கவிழ்த்து, மேலே ஒரு பாத்திரத்தால் மூடி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஸ்போர் தூள், அதாவது காளானுக்கு விதை மாதிரியான பொடி, படிந்திருக்கும். வெள்ளைத் தூள் வெள்ளைத் தாளில் தெரியாது, அதற்குத்தான் கருப்பு.

புற்றுக்காளானுக்கு வெளிர்ரோஜா நிறத்தில் விழும். பச்சை என்றால் மேலே சொன்ன தோப்புக் காளான். சுத்த வெள்ளை என்றால் அமானிட்டாவாக இருக்கலாம், தூக்கிப் போடுங்கள். துருப்பழுப்பு, கருப்பு எல்லாம் வேறு வேறு கூட்டம். ரோஜா நிறம் விழுந்துவிட்டது என்பதற்காக மட்டும் சாப்பிடவும் கூடாது. என்டோலோமா என்ற விஷக்கூட்டத்துக்கும் ரோஜாத் தூள்தான். அதன் இதழ்கள் தண்டோடு ஒட்டியிருக்கும், கீழே புற்றுக்கூடு இருக்காது.

வெள்ளிக்காசு போட்டுக் கொதிக்க வைத்தால் விஷம் தெரிந்துவிடுமாமே?

தெரியாது. வெள்ளி கருக்காது. மஞ்சள்தூள், பூண்டு, அரிசி போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதும் அப்படித்தான். புழு தின்றிருந்தால், நத்தை தின்றிருந்தால், மாடு மேய்ந்தால் நமக்கும் ஆகும் என்பதும் தப்பு. நத்தையின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. தோல் உரிந்தால் நல்லது, கசந்தால் கெட்டது, வெள்ளையெல்லாம் நல்லது, நிறம் பளிச்சென்றால் விஷம் என்று ஊருக்கு ஊர் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். அமானிட்டா இந்த எல்லாச் சோதனையிலும் பாஸாகிவிடும்.

போட்டோ அனுப்பினால் சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன். யார் சொன்னாலும், எந்த ஆப் சொன்னாலும் அதை நம்பிச் சாப்பிடாதீர்கள். முக்கால்வாசிப் படங்களில் குடையின் மேல்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. நான் பார்க்க வேண்டியது மண்ணுக்குள் இருக்கிறது. பழகியவர் ஒருவரோடு இரண்டு மூன்று மழைக்காலம் கூடவே போய், உங்கள் கையால் வேரைப் பின்தொடர்ந்து கூடுவரை பார்த்த பிறகு நீங்களே சொல்லிவிடுவீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக் காணி மக்களைப் போல மலையில் தலைமுறை தலைமுறையாகப் பறித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அறிவும் ஓர் இடத்துக்கு உரியது என்பதை மறக்க வேண்டாம். சொந்த மலையில் நல்ல காளானாகப் பார்த்துப் பழகிய உருவம், வேறு மாநிலத்துக் காட்டில் விஷமாக நிற்கலாம்.

நூற்றுக்கணக்கில் பொடிப்பொடியாகத் தரை முழுக்க வெள்ளையாக வந்திருக்கிறதே, அது?

அரிசிக்காளானாக இருக்கலாம். கேரளத்தில் அரிக்கூண். இதுவும் புற்றுக்காளான் கூட்டம்தான், டெர்மிட்டோமைசிஸ் மைக்ரோகார்பஸ். கரையான் தன் கூட்டின் துணுக்குகளை மேலே கொண்டுவந்து போட, அதிலிருந்து முளைக்கிறது. குடை விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நல்ல ருசி. ஆனால் நீளமான வேர் இதற்குக் கிடையாது என்பதால் நான் சொன்ன முதல் அடையாளமே போய்விடுகிறது. இந்த அளவில் விஷக்காளான்களும் நிறைய, கூட்டத்துக்குள்ளே வேறொன்று கலந்து நின்றாலும் தெரியாது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பறிக்கும்போது கவனிக்க வேண்டியது?

புற்றுக்குள் கையை விடாதீர்கள். நல்லபாம்பு குடியிருக்கும் இடம் அது. முதலில் கம்பால் சுற்றிலும் தட்டுங்கள். மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றும் புற்று என்றால் பக்கத்திலேயே போக வேண்டாம்.

ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டை மட்டும் ஆழமாகத் தோண்டி உறுதி செய்யுங்கள். மற்றவற்றைச் சுற்றி ஒரு சாண் மண்ணைக் கிளறி, அடியில் பை இல்லை, வேர் இறங்குகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தால் போதும். பத்து நல்லதுக்கு நடுவில் ஒரு கெட்டது நிற்கலாம். கூட்டை உடைக்கக் கூடாது. புற்று உயிரோடு இருந்தால் அடுத்த வருஷமும் அதே இடத்தில் வரும். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும், ஓலைப்பெட்டியோ கூடையோ நல்லது.

கரையானுக்கு மருந்து அடித்த தோப்பில் எடுக்கவே கூடாது. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்தைப் புற்றிலேயே ஊற்றுவார்கள், காளான் அதிலிருந்துதான் வருகிறது. தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பெரிய ரோட்டோரம், குப்பைமேடு, தொழிற்சாலைப் பக்கமும் வேண்டாம், காளான் மண்ணிலுள்ள உலோகங்களை உறிஞ்சும்.

காட்டுக்குள் போய் எடுக்கலாமா?

சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் எதையும் எடுக்க முடியாது. காப்புக்காடு என்றாலும் வனத்துறையைக் கேட்க வேண்டும். மலைவாழ் மக்களுக்குச் சிறு வன மகசூல், அதாவது மரம் அல்லாத காட்டுப் பொருள்கள், எடுக்க 2006 வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. அது அவர்களுடைய உரிமை, நமக்கு இல்லை. நமக்குச் சொந்தத் தோப்பு, வரப்பு போதும்.

எப்படிச் சமைப்பது?

அன்றைக்கே சமைத்துவிட வேண்டும். மறுநாளைக்குப் புழு வைத்துவிடும். விரியாத மொட்டுதான் நல்ல ருசி. கெட்டி வேரை நீக்கி, மண் போக நாலைந்து தண்ணீரில் அலசி, கையால் கிழித்துப் போடுங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, காளான் விடும் தண்ணீர் வற்றும்வரை வதக்கி, கடைசியில் இடித்த மிளகு. வேறு மசாலா போட்டால் அதன் வாசம் போய்விடும் என்பது என் கட்சி. அரைகுறையாக வேகவைக்க வேண்டாம். முதன்முதலாகச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு அந்த முதல் தடவையில் வேண்டாம். ஒரு காளானைச் சமைக்காமல், வேரோடு, தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஏதாவது ஆனால் டாக்டருக்கு அது உதவும்.

வீட்டில் வளர்க்க முடியுமா?

முடியாது. கரையான் இல்லாமல் இது பயிராக வளராது. வெள்ளையாக, சதைப்பற்றாக ஒரு காளான் வேண்டும் என்றால் பால் காளான் வாங்குங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையத்திலிருந்து வந்த ஏ.பி.கே. 2 ரகம் நம் வெயிலுக்கே வளரும்.

சாப்பிட்ட பிறகு வயிற்றைப் பிரட்டினால் என்ன செய்வது?

உடனே ஆஸ்பத்திரி. சாணிக்கரைசல், உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். மிச்சம் வைத்த காளானையும், சமைத்த மிச்சத்தையும் கையோடு கொண்டுபோங்கள். கூடச் சாப்பிட்ட எல்லோரும், ஒன்றும் செய்யவில்லை என்றாலும், போக வேண்டும்.

நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்தால் அது பெரும்பாலும் வயிற்றோடு போகும் விஷம். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு, அதாவது ராத்திரி சாப்பிட்டு விடியற்காலையில் ஆரம்பித்தால், அதுதான் பயங்கரம். அமாடாக்சின் அப்படித்தான் தாமதமாக வேலையைக் காட்டும். அதன் பிறகு ஒரு நாள் போல வாந்தி நின்று, ஆள் தேறிவிட்டது மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், வாந்தி நின்றாலும் அவர் ரத்தப் பரிசோதனை பார்த்து அனுப்பும்வரை நகராதீர்கள்.

ரோட்டோரத்தில் கூறு கட்டி விற்கிறார்களே, வாங்கலாமா?

விற்கிறவர் அந்த மலைக்காரர், வருஷா வருஷம் அதே இடத்தில் உட்காருகிறவர் என்றால் நானும் வாங்குவேன். அப்போதும் கூறில் ஒவ்வொரு காளானையும் எடுத்துப் பார்ப்பேன், நடு உச்சியைத் தொட்டுப் பார்ப்பேன். "வேரோட இருக்கா?" என்று கேளுங்கள். நல்ல வியாபாரி பழுப்பு வேர் தொங்கத் தொங்க வைத்திருப்பார், கேட்டால் சந்தோஷமாகத் தூக்கிக் காட்டுவார். சுத்தமாக அறுத்து வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.